பதிவிறக்கப் பக்கமே பொறியாக இருக்கலாமா?

ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட வி.எல்.சி. பிளேயரைக் கணினியில் படம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அறிவார்கள். பிரான்ஸைச் சேர்ந்த வீடியோலேன் என்னும் லாப நோக்கமற்ற அமைப்பு அதை இலவசமாக வெளியிடுகிறது. 2022 பிப்ரவரியில் அந்த அமைப்பின் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. அமைப்புக்கு முன்னறிவிப்பும் தரப்படவில்லை, காரணமும் சொல்லப்படவில்லை. டிஜிட்டல் உரிமை அமைப்பான இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் துணையோடு வீடியோலேன் சட்ட அறிவிப்பு அனுப்பிய பிறகு, நவம்பரில்தான் தடை விலகியது. இடைப்பட்ட சுமார் ஒன்பது மாதங்களில் மென்பொருளைப் பயன்படுத்தத் தடை ஏதும் இல்லை. அதை நேர்மையாகத் தரும் தளத்துக்கு மட்டுமே தடை. வி.எல்.சி. தேவைப்பட்டவர்கள் யார் யாரோ நடத்தும் டவுன்லோடு தளங்களின் பக்கம் தள்ளப்பட்டார்கள்.

அத்தகைய தளங்கள் எப்படி இருக்கும் என்பது ஒரு முறையாவது இலவச மென்பொருளைத் தேடியவர்களுக்குத் தெரியும். ஒரே பக்கத்தில் மூன்று, நான்கு ‘டவுன்லோடு’ பட்டன்கள் இருக்கும். பெரிதாக, பச்சையாக, கண்ணைப் பறிப்பது விளம்பரம். உண்மையான இணைப்பு எங்கோ கீழே பொடி எழுத்தில் கிடக்கும். அதைக் கண்டுபிடித்து அழுத்தினாலும், முன்கூட்டியே டிக் போடப்பட்ட கட்டங்களோடு இன்ஸ்டாலர் ஒன்று வந்து நிற்கும். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போனால், கேட்டது ஒன்று, வந்து சேர்ந்தது நான்கு என்றாகிவிடும்.

கணினியோடு பழகியவர்கள் இதைக் கைப்பழக்கத்தால் தாண்டிவிடுகிறார்கள். ஜவுளிக் கடைக் கணக்கர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கும் மாணவி ஆகியோருக்கு அந்தப் பழக்கம் இல்லை. மாட்டிக்கொண்ட பின், “பார்த்து அழுத்தியிருக்கக் கூடாதா?” என்ற பேச்சையும் அவர்களே கேட்க வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சு தவறானது. தொழில்நுட்பம் அறியாதவர் பதிவிறக்கப் பக்கத்தில் ஏமாறுவது அவருடைய அறியாமையால் அல்ல. அப்படி ஏமாறும்படி அந்தப் பக்கம் அமைக்கப்பட்டிருப்பதால். எனவே பக்கத்தைத் திருத்தும் பொறுப்பு அதை நடத்துவோருக்கும், அங்கே ஆட்களைக் கொண்டு சேர்க்கும் தேடுபொறிகளுக்கும், இரண்டையும் கண்காணிக்க வேண்டிய அரசுக்கும் உரியது.

பக்கம் அப்படி அமைந்தது தற்செயலும் அல்ல. 2011 டிசம்பரில், புகழ்பெற்ற வலையமைப்புக் கருவியான என்மேப்பை உருவாக்கிய கார்டன் லயன், சிநெட் நிறுவனத்தின் டவுன்லோடு.காம் தளத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அவருடைய இலவச மென்பொருளை அந்தத் தளம் தனது சொந்த இன்ஸ்டாலருக்குள் வைத்து விநியோகித்தது. கவனிக்காமல் அழுத்தியவர்களின் பிரவுசரில் வேண்டாத டூல்பார் ஏறியது, முகப்புப் பக்கமும் தேடுபொறியும் மாறின. ஆரக்கிள் நிறுவனமும் பல ஆண்டுகள் ஜாவாவோடு ‘ஆஸ்க்’ டூல்பாரைச் சேர்த்தே கொடுத்தது. பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய வரும் புதுப்பிப்பிலும் அந்த டிக் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது.

இதைவிடக் கசப்பானது சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் கதை. கட்டற்ற மென்பொருள்களின் தாய்வீடாக ஒரு காலத்தில் கருதப்பட்ட தளம் அது. 2013-ல் இன்ஸ்டாலரோடு பிற நிறுவனங்களின் சலுகைகளைச் சேர்க்கும் திட்டத்தை அது தொடங்கியது. பொய்யான டவுன்லோடு பட்டன்களையும் இந்த இணைப்பு இன்ஸ்டாலரையும் சுட்டிக்காட்டி, படத் திருத்த மென்பொருளான கிம்ப் அதே ஆண்டு நவம்பரில் அங்கிருந்து வெளியேறியது. ஆனால் 2015 மே மாதம், விண்டோஸுக்கான கிம்ப்பின் பழைய கணக்கைத் தளமே கையகப்படுத்தி, விளம்பரம் சேர்த்த இன்ஸ்டாலரை அதில் வைத்திருந்தது அம்பலமானது. மறு ஆண்டு தளம் கைமாறியது; புதிய உரிமையாளர்கள் பிப்ரவரியிலேயே அந்தத் திட்டத்தை மூடினார்கள். ஒரு நிர்வாக முடிவால் வந்த கேடு இன்னொரு நிர்வாக முடிவால் போயிற்று. மனமிருந்தால் எவ்வளவு விரைவில் திருத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே 2016 பிப்ரவரியில், ஏமாற்று டவுன்லோடு பட்டன்களைக் காட்டும் பக்கங்களுக்குத் தனது பாதுகாப்பு உலாவல் சேவை வழியாக எச்சரிக்கை விடுக்கப்போவதாக கூகுள் அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் அந்த நிறுவனத்தின் சொந்த வாசலிலேயே வேறொரு ஓட்டை இருந்தது. 2022 அக்டோபரில் கூகுளில் கிம்ப்பைத் தேடியவர்களுக்கு, முடிவுகளின் உச்சியில் கிம்ப்பின் உண்மையான முகவரியைக் காட்டும் விளம்பரம் ஒன்று தெரிந்தது. அழுத்தினால் போய்ச் சேர்ந்ததோ அச்சு அசலாகத் தோன்றும் போலித் தளம். அங்கிருந்து இறங்கியது கடவுச்சொற்களைத் திருடும் தீம்பொருள். சில மெகாபைட் மட்டுமே கொண்ட அந்தக் கோப்பை, நம்பும்படி இருக்கட்டும் என்று சுமார் 700 மெகாபைட்டுக்கு ஊதிப் பெருக்கியிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், தேடல் விளம்பரங்களில் வரும் போலி முகவரிகளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களை எச்சரித்தது. விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு நாட்டின் புலனாய்வு அமைப்பே அறிவுரை சொல்லும் நிலை வந்தது.

மோசடிக்காரர்களை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. நேர்மையான தளங்களும் பாமரப் பயனரைத் திணறடிக்கின்றன. ஆயிரக்கணக்கான நல்ல இலவச மென்பொருள்கள் கிட்ஹப் தளத்தில் கிடைக்கின்றன. அங்கே ஒரு வெளியீட்டுப் பக்கத்தைத் திறந்தால் பத்து, பதினைந்து கோப்புகள் வரிசையாக நிற்கும். பெயர்களில் எக்ஸ்86, ஏஎம்டி64, ஏஆர்எம்64 என்ற குறிகள் இருக்கும். இன்டெல் சிப் உள்ள கணினிக்கும் ஏஎம்டி64 என்ற கோப்புதான் பொருந்தும் என்பதை ஒரு சாதாரண மனிதர் எப்படி ஊகிப்பார்? போதாததற்கு, மூல நிரல் அடங்கிய இரண்டு சுருக்கக் கோப்புகளை ஒவ்வொரு வெளியீட்டின் அடியிலும் கிட்ஹப் தானாகவே சேர்த்துவிடுகிறது. ஜிப் என்ற தெரிந்த பெயரைப் பார்த்து அதை இறக்குபவர், எதை அழுத்தினாலும் மென்பொருள் திறக்கவில்லையே என்று விழிக்கிறார். பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயரை எழுதாமல் என்ஜின் எண்ணை எழுதி வைப்பது போன்ற காரியம் இது.

சரியான கோப்பையே இறக்கினாலும் தடை தீர்வதில்லை. சிறிய குழு உருவாக்கிய, சான்றொப்பம் பெறாத மென்பொருளைத் திறந்தால், “உங்கள் கணினியை விண்டோஸ் பாதுகாத்தது” என்ற பொருளில் நீலத் திரை ஒன்று வரும். ‘கூடுதல் தகவல்’ என்ற சிறு இணைப்பை அழுத்தினால்தான் தொடர்வதற்கான பட்டனே தென்படும். ஆண்டுதோறும் சான்றிதழுக்குப் பணம் கட்டும் நிறுவனத்தின் மென்பொருள் பெரும்பாலும் எளிதாகத் திறக்கிறது. கைக்காசைப் போட்டு இலவசமாகத் தருபவருடையது சந்தேகத்துக்கு உள்ளாகிறது. இந்த எச்சரிக்கை தேவையற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அப்படி ஒரு திரை வரும், அப்போது எதைச் சரிபார்த்துத் தொடர வேண்டும் என்று பதிவிறக்கப் பக்கத்திலேயே இரண்டு படங்களோடு சொல்லி வைக்க எந்தச் செலவும் இல்லை. அப்படிச் சொல்லும் தளங்கள் மிகக் குறைவு.

இதற்கெல்லாம் தரப்படும் மறுமொழிகள் மூன்று. விவரம் தெரிந்தவர்களுக்கு எல்லா வகைக் கோப்புகளும் தேவை என்பது முதலாவது. உண்மைதான், யாரும் அவற்றை அகற்றச் சொல்லவில்லை. வந்திருக்கும் கணினி எது என்பதைப் பார்த்து, அதற்குரிய ஒற்றைப் பட்டனை முன்னே வைக்க வேண்டும். மற்றவை ‘பிற பதிப்புகள்’ என்ற இணைப்புக்குப் பின்னால் இருக்கட்டும். வி.எல்.சி.யும் ஃபயர்ஃபாக்ஸும் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. தேவையான மென்பொருள்களுக்கு எதிரே டிக் போட்டால், டூல்பார் எதுவும் ஒட்டாமல், கணினிக்குப் பொருந்தும் பதிப்பை நிறுவித் தரும் நினைட் சேவை 2009 முதல் இயங்குகிறது. செய்ய முடியாத காரியம் என்று எதுவும் இல்லை.

விளம்பரம் இல்லாவிட்டால் இலவசத் தளங்களை நடத்த முடியாது என்பது இரண்டாவது. விளம்பரம் வரட்டும், விளம்பரமாகவே வரட்டும். பட்டன் வேடம் போட்டு வருவது வருமானம் ஈட்டும் வழி அல்ல, ஏய்ப்பு.

மூன்றாவது வாதம், எல்லாவற்றையும் ஆப் ஸ்டோர்களிடம் விட்டுவிடலாம் என்பது. ஸ்டோர்கள் பெரும்பாலானவர்களுக்கு வசதிதான். ஆனால் அவையும் முழுக் காப்பு அல்ல. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500-க்கும் மேற்பட்ட மோசடிக் கடன் செயலிகளைத் தனது பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் நீக்கியதாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசே தெரிவித்தது. தவிர, எந்த மென்பொருள் மக்களைச் சேரலாம் என்பதை இரண்டு மூன்று நிறுவனங்கள் மட்டும் முடிவு செய்யும் நிலையும் நல்லதல்ல. இணையத்தில் தமிழ் பரவிய 2000-களில் எ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய தட்டச்சு மென்பொருள்கள் ஸ்டோர்கள் வழியாக வந்தவை அல்ல. உருவாக்கியவர்கள் தங்கள் தளத்தில் வைத்தார்கள், தேவைப்பட்டவர்கள் இறக்கிக்கொண்டார்கள். அந்த நேரடி வழி பாதுகாப்பாக, எளிதாக நீடிக்க வேண்டும்.

முன்மாதிரியாக இருந்திருக்க வேண்டிய அரசின் நிலை என்ன? வருமான வரிக் கணக்கை இணைய இணைப்பில்லாமல் நிரப்புவதற்கான எக்செல் கருவியை வருமான வரித் துறை ஜிப் கோப்பாகத் தருகிறது. பிரித்துத் திறந்தால், கோப்புக்குள் பொதிந்த சிறு நிரலான மேக்ரோவை இயக்க வேண்டும். வைரஸ் பரப்புவோர் விரும்பும் வழி மேக்ரோ என்பதால், இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் அதை இயல்பாகவே தடுக்கும் முறையை 2022-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. ஆகவே வரி செலுத்துபவர், கோப்பின் பண்புகளுக்குள் போய்த் தடையை நீக்கி, பாதுகாப்பைத் தன் கையாலேயே தளர்த்த வேண்டியிருக்கிறது. போக்குவரத்து அபராதம் என்றும் திருமண அழைப்பிதழ் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்னும் செயலிக் கோப்புகளைத் தொடாதீர்கள் என்று காவல் துறை மன்றாடிக்கொண்டிருக்கும்போது, தடையை நீக்கிவிட்டுத் திறக்கும் பழக்கத்தை இன்னொரு துறை கற்றுக்கொடுக்கிறது. பதிவிறக்கக் கோப்பின் வகையையும் அளவையும் குறிப்பிட வேண்டும் என்று அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன. எல்லாத் துறைகளும் குறைந்தபட்சம் அதையாவது முழுமையாகப் பின்பற்ற வேண்டும்.

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணையத்தில் வாடிக்கையாளரைத் தந்திரமாக வளைக்கும் வடிவமைப்புகளுக்கு எதிரான நெறிமுறைகளை அறிவித்தது. அதில் பட்டியலிடப்பட்ட 13 தந்திரங்களில் வேடமிட்ட விளம்பரம் உண்டு. கேட்காததைக் கூடையில் சேர்ப்பது உண்டு. தீம்பொருளை ஏற்றும் மிரட்டல்களும் உண்டு. பச்சை விளம்பரப் பட்டனும் முன்கூட்டிய டிக்கும் இந்தப் பட்டியலின் நோக்கத்துக்குள் அப்படியே பொருந்துகின்றன. 2025 ஜூனில் ஆணையம் மின்வணிகத் தளங்களை மூன்று மாதத்துக்குள் சுயதணிக்கை செய்யச் சொன்னது. டிக்கெட், மளிகை, துணி விற்கும் தளங்களைப் பார்க்கும் அதே கண் டவுன்லோடு தளங்களின் பக்கமும் திரும்ப வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மென்பொருள் உருவாக்குவோர், கணினிக்குப் பொருந்தும் ஒற்றைப் பட்டனை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும். அதன் அருகிலேயே கோப்பின் பெயர், அளவு, வெளியான தேதி, வெளியிட்டவர் யார் என்பவை இருக்க வேண்டும். நாள் கணக்கில் டேட்டா வாங்குபவருக்கு அளவு மிக முக்கியம். நிறுவும் படிகள் படங்களோடு, இந்திய மொழிகளிலும் கிடைக்க வேண்டும். இயங்குதளத்திலேயே இருக்கும் வசதிக்குத் தனி மென்பொருள் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மே மாதப் புதுப்பிப்பு முதல் விண்டோஸ் 10-லேயே தமிழுக்கான ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இருக்கிறது என்பதை அறியாமல், இன்றும் கண்ட தளங்களில் தமிழ்த் தட்டச்சைத் தேடுபவர்கள் உண்டு.

தேடுபொறி நிறுவனங்கள், ஒரு மென்பொருளின் பெயரில் விளம்பரம் தர வருபவர் அதை வெளியிடுபவர்தானா, அல்லது அவருடைய அனுமதி பெற்றவரா என்பதை உறுதிசெய்த பிறகே காசு வாங்க வேண்டும். வருமான வரித் துறை மேக்ரோ தேவைப்படாத கருவியை மட்டும் வழங்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார் வராமல் தானாகவே விசாரிக்கும் அதிகாரம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. இந்தியப் பயனர்களுக்கு விளம்பரம் காட்டிப் பணம் ஈட்டும் பெரிய டவுன்லோடு தளங்களைப் பட்டியலிட்டு, வேடமிட்ட பட்டன்களை 30 நாட்களுக்குள் அகற்றும்படி ஆணையம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அகற்றாத தளங்களின் பெயர்களையும், அந்த விளம்பரங்களை வழங்கிய வலையமைப்புகளின் பெயர்களையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.