மேல்மாடித் தண்ணீரின் பாரம்



வீட்டில் மீன் தொட்டி வைத்து மகிழ்வதில் குற்றம் ஏதுமில்லை. சிருஷ்டியின் அழகைப் பிள்ளைகள் அருகிலிருந்து காண்பது நல்லதே. ஆயினும், கோவையின் பழைய வீதிகளிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தேக்கு உத்திரங்களின் மேல் பலகை பரப்பிய மச்சுகளும், மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்டுக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளங்களும் இன்றும் குடியிருப்பாக உள்ளன. அத்தகைய மாடியில் பெரிய தொட்டியை வைக்க எண்ணுகிறவர்கள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால், விளிம்பு வரை நிரப்பும்போது ஏறத்தாழ 680 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. தடித்த கண்ணாடி, மணல், கற்கள், தாங்கி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்த எடை 900 கிலோவை நெருங்கக்கூடும். பன்னிரண்டு பெரியவர்கள் பன்னிரண்டு சதுர அடிக்குள் இரவும் பகலும் அசையாமல் நிற்பதற்கு இது ஒப்பாகும். நம் நாட்டின் ஐ.எஸ். 875 என்னும் தர விதி, குடியிருப்பு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற அளவையே கணக்கில் கொள்கிறது. அந்தத் தொட்டியோ, தான் நிற்கும் இடத்தில் அதைப்போல் நான்கு மடங்கு அழுத்தும்.

“தாத்தா காலத்தில் இதே மச்சில் நெல் மூட்டை அடுக்கினோமே” என்பார்கள். அந்நாளில் உத்திரம் இளமையாய் இருந்தது. மூட்டைகளும் வந்தன, போயின. மரமோ ஓயாத பாரத்தின் கீழ் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக வளையும் இயல்புடையது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனையை ஓதமும் கரையானும் அரிப்பது வெளியே தெரியாது. தொட்டியிலிருந்து கசியும் நீர் அந்த அழிவை விரைவுபடுத்தும்.

ஆகவே பெரிய தொட்டிக்குத் தரைத்தளமே தகுந்த இடம். மாடியில்தான் வைக்க வேண்டுமென்றால், கட்டடப் பொறியாளர் ஒருவர் உத்திரங்களின் முனைகளைச் சோதித்த பின்பே வைக்க வேண்டும். அறையின் நடுவைத் தவிர்த்து, பாரம் தாங்கும் சுவரை ஒட்டி, பல உத்திரங்களுக்குக் குறுக்காக நிறுத்துவது நல்லது. அடியில் பிளைவுட் விரித்தால் எடை சற்றுப் பரவும். ஆனால் உத்திரம் வலுப்பெறாது. கீழ்வீட்டுக் கூரையில் புதிய விரிசலோ தொய்வோ கண்டால் உடனே நீரை வெளியேற்றுங்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், மேலே உள்ளவரின் விருப்பம் கீழே உறங்குகிறவரின் தலைமேல் நிற்கிறது என்பதே. நம் மாவட்டம் இதைக் கண்ணீரோடு அறியும். 2019 டிசம்பர் 2 அன்று அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில், பெருமழையில் நனைந்த உயரமான மதில் ஒன்று கீழிருந்த வீடுகளின் மேல் சாய்ந்து 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்கள் அந்த மதிலைக் கட்டியவர்கள் அல்லர். அதன் நிழலில் குடியிருந்தவர்கள் மட்டுமே.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் ஒருவன் விழுந்தால் பழி அந்த வீட்டைச் சேரும் என்பது அதன் பொருள். ஆலயத்துக்கும் பலிபீடத்துக்கும் அளவு கொடுத்த தேவன், சாதாரண வீட்டு மாடியின் பாதுகாப்பையும் கட்டளையாக்கினார். அன்று கைப்பிடிச்சுவர் எதுவோ, இன்று பொறியாளரின் சோதனை அதுவே. “கர்த்தர் காப்பார்” என்று சொல்லிச் சோதனையைத் தவிர்ப்பது விசுவாசமாகாது. அது நம் அசட்டையின் விலையை அயலானிடம் வசூலிப்பதாகும்.

வாடகைக்கு விட்ட கீழ்வீட்டில் சிறு பிள்ளைகள் உறங்குகிறார்கள் என்றால், தொட்டி வாங்கக் கடைக்குப் போகுமுன் அவர்களுடைய கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

கர்த்தர் உங்கள் இல்லங்களையும், அவற்றின் கீழ் வாழ்கிறவர்களையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.