ஏனைய கட்டடங்கள்

நாரந்தனையில் என் பெரியம்மாவுக்கு ஒரு வளவு உண்டு. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது கைப்பையோடு வெளியேறியவர், இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். நாற்சார் வீட்டில் ஓடுமில்லை, நிலையுமில்லை, கதவுமில்லை. சுவருக்குள் ஆலமரம் வேரோடியிருந்தது. வளவின் கோடியில் நின்ற புகையிலைக் குடில் மட்டும் பிழைத்திருந்தது. திருடுவதற்கு அதில் ஒன்றும் இல்லாமையே காரணம். அன்று தொட்டு அவர் அதிலேதான் வாழ்கிறார்.

அக்குடிலுக்கு ஒரு சாளரமும் ஒரு மலசலகூடமும் அமைக்க உதவி கேட்டு அவர் ஓர் அலுவலகத்துக்குப் போனார். நானும் உடன் போயிருந்தேன். படிவத்தைப் புரட்டிய இளைஞர், “அம்மா, இது வீடு இல்லை. இது ‘ஏனைய கட்டடங்கள்’ எண்ட பகுதிக்குள்ள வரும்” என்றார். “அப்ப நான் ஏனைய ஆளோ, தம்பி?” என்று பெரியம்மா கேட்டார். இளைஞர் நல்லவர், தலை குனிந்துகொண்டார். படிவம் குனியவில்லை.

இந்தப் படிவத்தின் மூலம் எது? உள்ளூராட்சி மன்றங்கள் கட்டட அனுமதிக்கு நாடும் சட்டங்களுள் ஒன்று 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். கொழும்பில் கொள்ளைநோய் தலைகாட்டியது 1914இல். சட்டம் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில். மனிதர் வசிப்பதற்கென முதலில் கட்டப்படாத கட்டடமொன்றை வசிப்பிடமாக மாற்றுவதையும் அது ‘மாற்றம்’ என்றே கொள்கிறது. அதற்கும் முன் அனுமதி வேண்டும். நெரிசல் மிகுந்த துறைமுக நகரில், குதிரை லாயத்தையும் பண்டசாலையையும் அறைகளாகத் தடுத்துக் கூலியாட்களுக்கு வாடகைக்கு விட்டவனைத் தடுக்க இத்தகைய விதி தேவைதான். ஆனால் அங்கே விதியின் முன் நின்றவன் வாடகை வாங்கியவன். இங்கே நிற்பவள் வீடிழந்த கிழவி. இருவரையும் ஒரே கண்ணால் பார்ப்பது நடுநிலைமையாகாது.

விதியே வேண்டாம் என்று வாதிடுவோரும் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காற்றும் வெளிச்சமும் தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமைகள். புகைக்குடில் எதற்காகக் கட்டப்பட்டது? புகையை வெளியே விடாமல் இலையைப் பதப்படுத்துவதற்காக. அதில் ஒருவர் மூச்சுவிட வேண்டுமானால் சுவரைத் திறந்தே தீர வேண்டும். மாட்டுக்கொட்டிலின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக ஊறிய சலம் உப்பாகிச் சுவரில் ஏறும். நிலத்தைத் தோண்டி அகற்றாமல் மேலே சீமெந்து பூசினால் பூச்சு உதிரும், ஈரம் உள்ளே தேங்கும். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த கற்சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடுவது. சீமெந்து அதன் வாயை அடைத்துவிடுகிறது. மலக்குழியின் தூரமோ உயிர்ப் பிரச்சினை. தீவில் நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே குழியின் கழிவு கிணற்றைச் சென்றடைய நெடுநாள் ஆகாது. இவற்றையெல்லாம் கேட்கும் விதி எனக்கு வேண்டும். பெரியம்மாவிடம் இவற்றுள் ஒன்றையும் எவரும் கேட்கவில்லை. கட்டடத்தின் பெயரைத்தான் கேட்டார்கள்.

போருக்குப் பின் வந்த இந்திய வீடமைப்புத் திட்டம் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும், பழுதுபார்க்க 250,000 ரூபாவும் கொடுத்தது. பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. அதை மறுப்பது நன்றியின்மை. எனினும் நிற்கும் கொட்டிலை வாழத்தக்கதாக்கும் வேலை ‘புதியது’மன்று, ‘வீட்டைப் பழுதுபார்ப்பது’மன்று. அதற்கு ஒரு பெயரே இல்லை. 2016இல் அரசாங்கம் வேறொரு ஞானத்தைக் கண்டது: பன்னாட்டு நிறுவனமாகிய ஆர்சலர் மித்தலின் இரும்பு வீடுகள், வடக்கிலும் கிழக்கிலுமாக 65,000, ஒவ்வொன்றும் 20 இலட்சம் ரூபாவுக்கு மேல்! தீவகத்து வெயிலையும் உப்புக்காற்றையும் அறிந்தவன் இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா? மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது.

பழைய கட்டடத்தை உறைவிடமாக்குவது இந்நாட்டில் இயலாத காரியமா? ஊர்காவற்றுறைத் துறையில் நின்று கடலை நோக்குங்கள். போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை தெரியும். 1971 கிளர்ச்சிக்குப் பின் கைதிகளை அடைத்த சிறை அது. அதையே கடற்படை உல்லாச விடுதியாக மாற்றியது. சிறைக்கூடம் பயணியின் படுக்கையறையாகலாம். புகைக்குடில் கிழவியின் படுக்கையறையாகக் கூடாது!

தொல்பொருட் சட்டத்தின் நிழலாவது கிடைக்குமா? 1940ஆம் ஆண்டின் அச்சட்டம் பழைமைக்கு வகுத்த எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்த நாள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் இழந்ததோ 1795இல். எங்கள் காலத்தையும் கண்டியின் மணிக்கூடே அளக்கிறது. நூறாண்டு கடந்த பிற கட்டடங்களை அமைச்சர் விரும்பினால் பிரகடனம் செய்யலாம். எந்த அமைச்சர் புகையிலைக் குடிலை விரும்புவார்?

இங்கே பண்பாட்டுக் காவலர்கள் கைதட்டக்கூடும். ‘ஆகா, நம் முன்னோரின் கொட்டில்!’ என்று பனஞ்சலாகைக்கு மெருகேற்றி, புலம்பெயர்ந்த உறவினர் விடுமுறையில் தங்குவதற்கு ஆயத்தம் செய்யக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொட்டிலின் சாய்ப்புக்கு அப்பால் வர அனுமதிக்கப்படாதவர்கள் இருந்தார்கள். தோட்டத்துக்குத் துலா மிதித்து, புகையிலைக்குத் தண்ணீர் மாறி, சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்து, அங்கேயே படுத்தெழும்பியவர்கள். 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது இந்தச் சாய்ப்புகளை எதிர்த்தும்தான். பெரியம்மாவுக்காவது உறுதி உண்டு. ‘ஏனைய கட்டடம்’ என்று எழுதவாவது படிவத்தில் இடம் கிடைத்தது. மூன்று தலைமுறையாகப் பிறர் வளவின் கொட்டிலில் வாழ்ந்தவருக்கு உறுதியுமில்லை, படிவமுமில்லை. கொட்டிலை வீடென்று ஏற்கும் சட்டம் முதலில் அவருடைய குடியிருப்பு உரிமையை ஏற்க வேண்டும். இதைச் சொன்னதும் கைதட்டல் ஓய்ந்துவிடும் என்பதை நான் அறிவேன்.

பிரதேச சபைகள் தனித் துணைவிதி வகுக்கட்டும். நிற்கும் கட்டடத்தை ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து பார்க்கட்டும். சுவர் தாங்குமா, காற்று வருமா, கிணறு தப்புமா என்று கேட்கட்டும். குறையிருந்தால் திருத்தப் பணமும் தவணையும் கொடுக்கட்டும். சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசன்மார் இன்னும் சிலர் இருக்கும்போதே இதைச் செய்யட்டும். கடலோரத்தில் முருகைக்கல் அகழ்வதைச் சட்டம் தடுத்துவிட்டது, அதுவே சரி. மணலும் சீமெந்தும் பண்ணைப் பாலம் கடந்து வர வேண்டும். நிற்கும் சுவரை இடித்துவிட்டு இவற்றுக்குக் காத்திருப்பது யாருடைய சிக்கனம்?

சென்ற மாரிக்கு முன் பெரியம்மா ஒரு மேசனை அழைத்து மேற்குச் சுவரில் சாளரம் வெட்டுவித்தார். அனுமதி இன்னும் வரவில்லை.