லாக் கோப்பும் ஒரு தரவுதான்

சித்தூர், கொழிஞ்சாம்பாறைச் சமவெளியிலும் உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களிலும் வழங்கும் தமிழை ஒலிப்பதிவு செய்து வருகிறேன். அண்மையில் களப்பணி முடித்து விடுதிக்குத் திரும்பிய பின், மூன்று வாரங்களாக ஓர் ஒலிக்கோப்புகூடத் தொலைச் சேமிப்பகத்தைச் சென்றடையவில்லை என்பதைத் தற்செயலாகக் கண்டேன். காப்புப்பிரதி மென்பொருள் ‘இணைப்பு தோல்வி’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. உலாவியிலோ எல்லாத் தளங்களும் திறந்தன. ப்ராக்ஸி லாக்கைப் பார்க்கலாமா எனக் கேட்டேன். அது மாணவர்களுக்கு உரியதன்று என்றனர்.

இக்கருத்தோடுதான் நான் முரண்படுகிறேன்.

ஸ்குவிட் போன்ற ப்ராக்ஸியின் அணுகல் லாக்கில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி உண்டு: நேரம், எடுத்துக்கொண்ட மில்லிநொடிகள், கேட்ட கணினியின் முகவரி, விளைவுக்குறி, பைட் அளவு, செல்லுமிடம். 407 என்னும் குறி ஒருமுறை வந்து அடுத்த வரியில் 200 வந்தால் அது இயல்பு. 407 மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால், மென்பொருள் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரியாகத் தரவில்லை என்று பொருள். 403 எனில் விதியே தடுக்கிறது. வரியே இல்லையெனில் கோரிக்கை ப்ராக்ஸியை எட்டவே இல்லை. உலாவிக்குத் தெரிந்த ப்ராக்ஸி அமைப்பு மென்பொருளுக்குத் தெரியாமல் இருக்கலாம். எழுவாய் வேற்றுமைக்கு உருபின்மையே அடையாளம் என்று படித்த நமக்கு, இன்மையையும் சான்றாகக் கொள்வது புதிதன்று.

லாக்கில் பிறர் சென்ற தளங்களும் பதிவாகியிருக்கும். ஆகவே அதைத் திறந்து வைக்க இயலாது என்பர். அது நியாயமான அச்சமே. ஆனால் ஒருவரின் கணினி முகவரிக்குரிய வரிகளை மட்டும் பிரித்துத் தருவது கடினமன்று. இறுதியில் ஒரு தொழில்நுட்ப உதவியாளர் அவ்வாறே எனக்குரிய வரிகளைக் காட்டினார். வரிசையாக 407. மென்பொருளின் ப்ராக்ஸி அமைப்பில் என் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டதும், அன்றிரவே பதிவேற்றம் தொடங்கியது. மூன்று வாரப் புதிர் பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

அந்த மூன்று வாரமும் என் தரவு முழுவதும் ஒரே வட்டில் கிடந்தது. தோட்டத் தொழிற்சொற்களைச் சொல்லித் தந்த முதியவர் இப்போது மகனுடன் கம்பம் பக்கம் குடிபெயர்ந்துவிட்டார். அதே பேச்சை அதே சூழலில் மீண்டும் பதிய இயலாது.

ஒலிப்பதிவுக் கருவியைக் கையாளக் கற்பிக்கும் துறைகள், களப்பணிப் பாடத்தில் ஒரு மணிநேரம் லாக் வாசிக்கவும் கற்பிக்க வேண்டும். தன் தரவு எங்கே நின்றுபோனது என்று அறிவது ஆய்வாளரின் உரிமை மட்டுமன்று. குரல் தந்தவர்களுக்கு அவர் ஆற்ற வேண்டிய கடமையுமாகும்.