காது மெஷினுக்கு வரிச்சலுகை: பற்றரியையும் சேர்த்துக் கேட்போம்



மார்ச் 3 உலக செவிப்புலன் தினம்.  அதையொட்டித்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. பின் வாங்கில் இருப்பாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கவனமில்லாத பிள்ளை என்று இரண்டு தவணையாக நான் ஏசியிருக்கிறேன். கிளினிக்கில் காட்டிய பிறகுதான் காது கேட்காதது தெரிந்தது. அந்தப் பிழை என்னுடையது. தோட்டத்து ஆட்களும் டவுன் கடைக்காரர்களும் சேர்ந்து மெஷின் வாங்கிக் கொடுத்தோம். கொஞ்ச நாள் நன்றாகப் படித்தாள். பிறகு பழையபடி கூப்பிட்டால் திரும்பவில்லை. காதில் மெஷின் இருந்தது, உள்ளே பற்றரி தீர்ந்திருந்தது. சம்பளம் வரட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டிருக்கிறார். சேர் கவலைப்படுவார் என்று பிள்ளை வெறும் மெஷினைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

கருவி ஒன்று ஒரு இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 75 நாள் உழைப்பாக இருந்தது. அதோடு முடிவதில்லை. சின்னப் பொத்தான் பற்றரி, ஸ்டிக்கரைக் கழற்றியதிலிருந்து ஒரு வாரம், இரண்டு வாரம்தான் வரும். பிள்ளை வளர வளர காது அச்சு மாற்ற வேண்டும். எங்கள் இரத்தினபுரி, கேகாலை மழை ஈரத்துக்கு மெஷின் பழுதாகும், திருத்த வேண்டும்.

வரிச்சலுகை என்றதும் சிலர் வருமான வரியை நினைக்கிறார்கள். 2022 வரை மருத்துவச் செலவை வருமான வரியில் கழிக்க வழி இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கொழுந்து எடுப்பவரும் றப்பர் பால் வெட்டுபவரும் வருமான வரி கட்டுவதில்லை. அவர்களுக்கு அதில் ஒரு சதமும் மிச்சமாகாது. அவர்கள் வரி கட்டுவது கடையில், பொருளின் விலையோடு சேர்த்து. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் அப்படித்தான் லயம் வரை வந்தது. ஆகவே சலுகையும் விலையில்தான் தெரிய வேண்டும்.

கருவி என்ற பெயருக்கு மட்டும் சலுகை எழுதினாலும் போதாது. இந்தியாவில் 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது செவிப்புலன் கருவிக்கு வரி இல்லை, அதைத் தயாரிக்கும் பாகங்களுக்கு வரி இருந்தது. 2018 ஜனவரியில் பாகங்களுக்கும் எடுத்துவிட்டார்கள். நாமும் கருவி, பற்றரி, காது அச்சு, உதிரிப்பாகம், திருத்த வேலை எல்லாவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். இறக்குமதித் தீர்வையிலிருந்து வற் வரி வரை எதுவும் இவற்றின் மேல் இருக்கக்கூடாது.

“வரியைக் குறைத்தால் வியாபாரிதான் இலாபம் எடுப்பார்” என்பீர்கள். நியாயமான பயம். இருதய ஸ்டென்டுக்கும் கண் வில்லைக்கும் உச்ச விலை நிர்ணயித்த நாடு இது. இதற்கும் நிர்ணயிக்கலாம்.

“நாடு இருக்கும் நிலையில் வரியை விட முடியுமா?” என்றும் கேட்கலாம். வகுப்பில் இருந்தும் ஒன்றும் கேட்காமல் பத்து வருடம் போகும் பிள்ளையால் நாட்டுக்கு வரும் நட்டத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. உதவிக் கருவிகள் கிடைக்க வழி செய்வது அதன்படி அரசின் கடமை. நாம் பிச்சை கேட்கவில்லை.

பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் சேர்ந்து, நிதி அமைச்சுக்கும் எங்கள் இரண்டு மாவட்ட எம்.பி.மாருக்கும் ஒரே கடிதம் அனுப்புவோம். வரைவை நான் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். கையொப்பம் வைப்பவர்கள் கீழே சொல்லுங்கள்.

அதுவரைக்கும், ரமழானில் ஸதகா கொடுக்க நினைப்பவர்கள் ஒரு பிள்ளையின் வருடப் பற்றரிச் செலவைப் பொறுப்பெடுங்கள். பெற்றோரே, கூப்பிட்டால் பிள்ளை திரும்பாவிட்டால் ஏசாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரியில் காதைக் காட்டுங்கள்.