கழுத்து வலியும் குறட்டையும்... சேர்த்துச் சொல்லுங்கள் டாக்டரிடம்!

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ஜூஜுவாடி, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என நீள்கிறது தேசிய நெடுஞ்சாலை 44. விடிய விடிய லாரி ஓட்டுபவர்களும், சிப்காட்டில் ஷிப்ட் மாறி மாறி உழைப்பவர்களும் நிறைந்த பகுதி. முதுகு வலி, கழுத்து வலி இங்கே சகஜம். எக்ஸ்-ரேயில் ‘எலும்புத் தேய்மானம்’ என்றதும் மாத்திரை, பெல்ட் வாங்குபவர்கள், மனைவி தினமும் புலம்பும் குறட்டையை மட்டும் மருத்துவரிடம் சொல்வதில்லை.

குறட்டைக்குப் பின்னால்...

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே ‘ஸ்லீப் ஆப்னியா’. குறட்டை சட்டென்று நிற்கும். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு வராது. பிறகு திணறி விழிப்பார்கள். அறிகுறிகளோடு மணிக்கு 5 முறை இப்படி நடந்தாலே நோய்தான். 30-ஐத் தொட்டால் தீவிரம்.

முதுகெலும்புக்கு என்ன சம்பந்தம்?

எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க், பகலில் பாரத்தால் நீரை இழக்கும். இரவில் படுக்கும்போதுதான் திரும்ப உறிஞ்சும். காலையில் நாம் சற்று உயரமாக இருப்பது அதனால்தான். மூச்சு அடைபட்டு ஆக்சிஜன் ஏறி இறங்கும்போது உடலில் அழற்சி கூடுகிறது. அது தேய்மானத்தை வேகப்படுத்துகிறதா என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. ஆனால், தூக்கம் கெட்டால் வலி அதிகமாகத் தெரியும். வலி மறுபடி தூக்கத்தைக் கெடுக்கும். உடல் பருமன் இரண்டையும் வளர்க்கும். அரிதாக, கழுத்தெலும்பின் முன்புறம் வளரும் எலும்பு முள்ளே தொண்டையை நெருக்குவதும் உண்டு.

மாத்திரையில் கவனம்

டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், மது மூன்றும் மூச்சுத்தடையை மோசமாக்கலாம். முதுகு ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் குறட்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யார் பரிசோதிக்க வேண்டும்?

பலத்த குறட்டை, பகல் தூக்கம், காலைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு... இவற்றில் இரண்டு மூன்று இருந்தாலே ‘ஸ்லீப் ஸ்டடி’ பற்றிக் கேளுங்கள். எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்திய ‘சிபாப்’ கருவி, காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்தே வைத்திருக்கும்.

‘டிரைவர் வேலை போய்விடுமோ’ என்று மறைக்க வேண்டாம். சிகிச்சை எடுத்தால் வண்டி ஓட்டலாம். ஸ்டியரிங்கில் ஒரு நொடி கண் அசந்தால், வேலை மட்டுமா போகும்?