சான்றிதழும் தேர்ச்சியும்

சர்க்கார் சிப்பந்திகளைக் கம்ப்யூட்டர் மூலம் பயிற்றுவிக்கும் கர்மயோகித் திட்டத்துக்கு 2020 செப்டம்பரில் மத்திய மந்திரி சபை அங்கீகாரமளித்தது. சுமார் 46 லட்சம் சிப்பந்திகளுக்காக 5 வருஷங்களில் 510.86 கோடி ரூபாய் செலவிடுவதென்று அப்பொழுது அறிவிக்கப்பட்டது. நோக்கம் சிலாக்கியமானது என்பதில் சந்தேகமில்லை. டில்லி காரியாலயத்து அதிகாரிக்குக் கிடைக்கும் பாடம் குக்கிராமத்துத் தபால் சிப்பந்திக்கும் கிடைப்பது சாமான்ய விஷயமன்று. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் பாடத்தை முடிப்பது வேறு, கற்பது வேறு. படத்தை ஓடவிட்டு, கடைசியில் வரும் கேள்விகளுக்கு ஊகத்தால் விடையளித்து, அன்றே சான்றிதழ் பெற்றுவிடலாம். அதனால் பிரஜைகளுக்கு என்ன பிரயோஜனம்? மனப்பாடம் செய்ததில் பெரும் பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்று எபிங்கௌஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதித்து 1885-ல் எழுதினார். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிஷம் கழித்து நன்றாக ஒப்பித்தார்கள். ஒரு வாரம் சென்றபின் கேட்டபொழுதோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தி நின்றார்கள்.

இதிலிருந்து அதிகாரிகள் செய்யவேண்டியது தெளிவாகிறது. பாடம் முடிந்த அன்றே சான்றிதழ் வழங்குவதை நிறுத்தி, ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் மறுபடி கேள்வி கேட்கட்டும். பயிற்சிக்கு வேலை நேரத்திலேயே அவகாசம் தரட்டும். இரவில் வீட்டில் கண் விழித்துப் படிக்கும்படி சிப்பந்திகளை விடுவது நியாயமன்று. பாடங்கள் அவரவர் தாய்மொழியில் இருக்கட்டும். ஜனங்களிடம் தமிழில் விளக்கவேண்டிய விதியை அன்னிய பாஷையில் அரைகுறையாகக் கற்பது வீண் சிரமமே. கற்றதை அந்த வாரத்திலேயே கையாளும்படி, மேலதிகாரி உரிய வேலையையும் ஒப்படைக்கவேண்டும்.

இறந்த கணவரின் சேமிப்புப் பணத்தைப் பெறத் தபாலாபீஸ் ஜன்னலில் ஒரு விதவை வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன தஸ்தாவேஜுகள் தேவை என்பதை ஒரே தடவையில் சரியாகச் சொல்லி, அவரை அலையவிடாமல் அனுப்பும் சிப்பந்தியே பயிற்சி பெற்றவர். எத்தனை லட்சம் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன என்ற கணக்கைவிட, இத்தகைய அலைச்சல் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கையே சர்க்கார் வருஷந்தோறும் வெளியிடவேண்டும். வரி கொடுக்கும் ஜனங்கள் அதைக் கேட்க உரிமையுள்ளவர்கள்.