முயலுக்கும் கண் வலிக்கும்



பதிவு கொஞ்சம் நீளம். முயல், பூனை, லவ் பேர்ட்ஸ் என்று ஏதாவதொரு ஜீவனை வீட்டில் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் ஒன்று வாங்கிக் கொடுக்க யோசிப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் வீட்டு முயல் பஞ்சுவுக்குக் கடந்த சில மாதங்களாகக் கண்ணில் கடும் வருத்தம். மருந்து செய்தோம். கடைசியில் வலது கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. விஷயம் கேள்விப்பட்டவர்கள் அன்போடு விசாரித்தார்கள். கூடவே ஒரு கேள்வியும் வந்தது: "முயல்தானே டீச்சர், இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பாடு?" இன்னும் சிலர், "அறுத்திருந்தா ஒரு நேரக் கறிக்கு வந்திருக்கும்" என்று சிரித்தார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் அந்தத் "தானே"க்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கருத்து இதுதான். கூட்டில் அடைத்து வளர்க்கும் பிராணிக்கு வருத்தம் வந்தால் அதன் வலியைக் குறைக்கப் பார்ப்பது வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் அல்ல. அடைத்து வைத்தவரின் கடமை. காட்டில் இருக்கும் முயல் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. கூட்டில் இருக்கும் முயலின் சாப்பாடு, தண்ணீர், வெளிச்சம், மருந்து எல்லாவற்றையும் நாம்தான் கையில் எடுத்துக்கொண்டோம். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய செய்தியை மத்ரஸாக் காலத்திலிருந்தே நாம் கேட்டிருக்கிறோம். அவள் உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன அவிழ்த்து விடவுமில்லை. கட்டி வைத்ததோடு பொறுப்பு தொடங்கிவிடுகிறது என்பதுதான் நாங்கள் அதிலிருந்து விளங்கிக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். முயலின் கண் வருத்தம் பல வேளைகளில் கண்ணில் தொடங்குவதில்லை, பல்லில் தொடங்குகிறது. எங்களுக்கும் இது புதினமாகத்தான் இருந்தது. முயலின் பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்களும் அப்படித்தான். நாள் முழுக்கப் புல்லை அரைத்துத் தின்றால்தான் அவை தேயும். பாண், பிஸ்கட், சோறு, கரட் என்று மெதுவான சாப்பாட்டில் வளரும் முயலுக்குப் பல் தேயாது. மேலே வளர இடமில்லாதபோது வேர்ப்பக்கம் நீளும். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் குழாய் அந்தப் பல் வேர்களை ஒட்டித்தான் போகிறது. வேர் நெரித்தால் குழாய் அடைபடும், கண்ணீர் வெளியே வழியும், பிறகு பால் போல வெள்ளைச் சீழ் வரும். மேல் தாடையின் பின்பற்களின் வேர்களோ கண் குழிக்கு நேர் கீழே இருக்கின்றன. அங்கே சீழ்க்கட்டி வந்தால் கண் முழி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளப்படும்.

பஞ்சுவுக்கு நடந்தது இந்தக் கடைசி வகை. வெளிநாடு போன ஒரு குடும்பம் தந்துவிட்டுப் போன முயல் அது. எங்களிடம் வரும்போதே மூன்று வயது. ஒரு நாள் வலது கண்ணோரம் ஈரமாக இருப்பதைச் சின்ன மகள்தான் முதலில் கண்டாள். அந்தக் கிழமையே மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்தபோது பல் வேர் தெரிந்தது. மருந்து கொடுத்தோம். குறைந்த மாதிரி இருந்து திரும்பவும் வந்தது. முயலின் சீழ் நமது சீழைப் போல வடிவதில்லை. பற்பசை போலக் கட்டியாக இருக்கும். அதனால்தான் வெறும் மருந்தால் அது கரைவது அரிது என்று வைத்தியர் விளக்கினார். கண் வெளியே தள்ளி, மூட முடியாமல் காயத் தொடங்கியதும் இரண்டு வழிதான் மிஞ்சியது. ஒன்று, வலி மருந்தோடு இருக்கும் வரை பார்ப்பது. மற்றது, கண்ணையும் அந்தப் பல்லையும் எடுத்துக் கட்டியைத் துப்புரவாக்குவது. முயலின் கண் குழிக்குள் பெரிய இரத்தக் குழாய்கள் இருப்பதால் இரத்தம் போகும் ஆபத்து உண்டு, கட்டி திரும்பவும் வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அன்றிரவு வீட்டில் பேசித்தான் ஒபரேஷனுக்குச் சம்மதித்தோம். அல்ஹம்துலில்லாஹ், பஞ்சு இப்போது ஒற்றைக் கண்ணோடு புல் தின்கிறது. முயலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிவரப் பார்க்கும். ஒரு கண் போனால் ஒரு பக்கம் முழுக்க இருட்டு. அதனால் அதன் இடப்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு போவதற்குப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். நாளைக்குக் கட்டி திரும்பவும் வரலாம், வராமலும் இருக்கலாம். வராது என்று யாரும் எங்களுக்கு வாக்குத் தரவில்லை.

இந்த நாட்களில் எங்களைப் பயம் காட்டியது முயலின் வருத்தத்தை விட, நல்ல மனதோடு நம் ஆட்கள் கொடுத்த யோசனைகள்தான். "எங்கட வாப்பாட கண் மருந்து மிச்சம் கிடக்கு, ரெண்டு சொட்டு விடுங்க" என்றார் ஒரு ராத்தா. கண்ணில் போடும் மருந்துகளில் ஸ்டீரொயிட் கலந்தவை நிறைய உண்டு. கண்மணியில் கீறலோ புண்ணோ இருக்கும்போது அதை விட்டால் புண் ஆறாது, ஆழமாகி முழியே ஓட்டையாகலாம். வைத்தியர் முதலில் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்றை விட்டுப் பார்ப்பது, புண் இருக்கிறதா என்று அறியத்தான். நமக்கு வீட்டில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இன்னொரு நானா, "அமொக்சிலின் கொஞ்சம் கரைச்சுப் பருக்குங்க" என்றார். பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்குத் தரும் மருந்துதானே என்ற எண்ணம். முயலின் வயிறு புல்லைச் செரிக்கும் நல்ல கிருமிகளை நம்பி இயங்குவது. அமொக்சிலின், அம்பிசிலின் போன்றவற்றை வாயால் கொடுத்தால் அந்தக் கிருமிகள் செத்து, நச்சுக் கிருமிகள் பெருகி, கண் வருத்தத்தோடு இருந்த முயல் வயிற்றுப்போக்கில் போய்விடும். பாமசியில் வேலை செய்யும் தம்பிமாருக்கும் இதைச் சொல்கிறோம். மிருகத்துக்கு என்று கேட்டு வந்தால் வைத்தியரின் துண்டைக் கேளுங்கள்.

செலவைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். 2022 இல் கேஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றதை நாம் யாரும் மறக்கவில்லை. இன்றும் மாதக் கடைசியில் கையைப் பிசையும் வீடுகள் நம் ஊரில் நிறைய. பிள்ளையின் பால்மாக் காசை முயலுக்குக் கொடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் ஒபரேஷன் செலவும் ஆசிரியர் சம்பளத்தில் கனமானதுதான். பெருநாள் உடுப்பைச் சுருக்கித்தான் சமாளித்தோம். எல்லோரும் ஒபரேஷன் வரை போக வேண்டும் என்றில்லை. ஆனால் ஆகக் குறைந்தது ஒன்று எல்லோருக்கும் பொது: சீழோடும் வலியோடும் ஒரு பிராணியைக் கோழிக்கூட்டு மூலையில் போட்டுவிட்டு, "தானாச் சாகும்" என்று இருக்கக் கூடாது. நேரத்தோடு காட்டினால் பல கண் வருத்தங்கள் குழாயைக் கழுவுவதோடும் ஒரு போத்தல் மருந்தோடும் முடிந்துவிடும். பிந்தினால்தான் செலவு ஏறுகிறது. கையில் இருக்கும் காசை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்குள் வலியைக் குறைக்க ஒரு வழி அவர் சொல்வார். இனி ஒன்றும் செய்ய இயலாது என்ற நிலை வந்தால், என்ன செய்வது என்று வைத்தியரிடமும் ஊர் ஆலிம்களிடமும் கேட்டு முடிவெடுங்கள். கறிக்கு அறுக்கச் சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை: மருந்து ஏற்றிய மாட்டின் பாலையும் இறைச்சியையும் குறிப்பிட்ட நாள் வரை எடுக்கக் கூடாது என்பது பண்ணைக்காரர் அறிந்ததுதான். முயலுக்கும் அதே கணக்கு.

ஆசிரியர் என்ற வகையில் இன்னொன்றும் மனதில் படுகிறது. முயல் வலியைச் சொல்லாது. காட்டில் வலியைக் காட்டும் முயலை நரி பிடித்துவிடும் என்பதால் அது ஒளித்து வைக்கும் இனம். சாப்பாட்டைக் குறைக்கும், மூலையில் குந்தும், பல்லை நெருமும், அவ்வளவுதான். வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு. கரும்பலகை தெரியாத பிள்ளை தெரியவில்லை என்று சொல்லாது. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும், பிறகு "எழுத மாட்டான்" என்று பெயர் எடுக்கும். சொல்லாத வலியைக் கவனிக்கும் பழக்கம் வீட்டில் ஒரு சின்ன உயிரிடமிருந்து தொடங்கினால் அது அந்த உயிரோடு நிற்காது. பஞ்சுவின் மருந்து நேரத்தைக் கலண்டரில் குறித்து வைத்தது எட்டு வயது மகன்தான். நாங்கள் சொல்லிக் கொடுத்த பாடமில்லை அது.

வீட்டில் முயல் இருப்பவர்கள் கவனிக்க:

1. சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். கினிப்புல் நம் பக்கம் றோட்டோரம் எல்லாம் கிடைக்கிறது. மருந்து அடிக்காத இடத்தில் வெட்டுங்கள். பாண், பிஸ்கட் வேண்டாம். கரட் எப்போதாவது ஒரு துண்டு.

2. கூட்டைத் தினமும் துப்புரவாக்குங்கள். சிறுநீர் நாற்றம் நம் கண்ணை எரித்தால் நாள் முழுக்க அதற்குள் இருக்கும் முயலின் கண்ணை எவ்வளவு எரிக்கும்!

3. கிழமைக்கு ஒரு தடவை வெளிச்சத்தில் இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஈரம், வெள்ளைச் சீழ், முழியில் வெண்படலம், ஒரு கண் பெரிதாகத் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

4. அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முயலின் குடல் நின்றால் உயிர் நிற்காது.

5. அரச மிருக வைத்திய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அங்கே ஆடு மாடு பார்ப்பதுதான் அதிகம் என்றாலும் எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்கள். கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

6. மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்று நம்மைப் போல முயலையும் இரவிலிருந்து பட்டினி போடாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினிதான் அதற்கு ஆபத்து. வைத்தியர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள்.

பெருநாள் நெருங்கும்போது சந்தையில் கூடை கூடையாக முயல் குட்டிகள் வரும். பிள்ளைகள் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கவும் வேண்டாம். நன்றாக வளர்ந்தால் அது எட்டுப் பத்து வருடம் நம்மோடு இருக்கும். அத்தனை வருடமும் புல் வெட்ட யார், கூடு கழுவ யார், வருத்தம் வந்தால் தூக்கிக்கொண்டு போக யார் என்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். பதில் இருந்தால் வாங்குங்கள்.

முயல் வளர்க்கும் வேறு வீடுகள் இருந்தால் இதை அனுப்பி வையுங்கள். முயலுக்கு நன்றாக வைத்தியம் பார்க்கும் இடங்கள் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

வஸ்ஸலாம்.